தொண்ணூற்றாறு பக்கங்கள்

என் கதைகளில் வரும் இன்ஸ்பெக்டர் மிருணாளினிக்கு
எப்போதும் பசிக்காது.
பன்னிரண்டு நாவல்களில் ஒரே ஒருமுறை காபி குடித்திருக்கிறாள்,
அதிலும் விஷம் இருந்தது.

என் மனைவி தவமணிக்குப் பசிக்கும்.
ஏற்காடு ஸ்டேஷனிலிருந்து இறங்கும்போது
அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி
ஒரு தட்டுவடை செட், காரம் தூக்கலாக,
காக்கியில் சட்னி சிந்தாமல்
குனிந்து தின்பாள்.
இதை எழுதினேன். பதிப்பாளர் போனில் சொன்னார்:
"தின்கிறதெல்லாம் வேண்டாம் சார்.
பிணம் எந்தப் பக்கத்துல வருது?"

பிணம் ஏழாம் பக்கத்தில் வந்தது.
பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில்
ஒற்றைக் காலில் கொலுசோடு.
மிருணாளினி செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள்.
பட்டறைக்காரர் திருகாணியைப் பார்த்த மாத்திரத்தில்
யார் கை வேலை என்று சொன்னார்.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில் விலங்கு.

"அப்படி யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள் தவமணி.
நாற்பத்திரண்டு பட்டறை ஏறி இறங்கினாளாம்.
எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.
அவளுடைய கொலுசு
மூன்று வருடமாக அரக்கு வைத்த உறைக்குள் கிடக்கிறது.
பெயர் தெரியாத பெண்,
வயது இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள்.
என்னுடையது இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது.

பகலில் நான் ஜவ்வரிசிக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன்.
சட்டையை உதறினால் வெள்ளையாய்ப் பறக்கும்.
மாலையில் அல்லிக்கு வாய்ப்பாடு, ரசம் சாதம்,
மறுநாள் யூனிஃபார்முக்கு இஸ்திரி.
அவள் படுத்ததும் எழுத உட்காருவேன்.
அதற்கு முன்னால் மொட்டைமாடி.

கன்னங்குறிச்சியில் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால்
ராத்திரியில் மலைப்பாதை தெரியாது, விளக்குகள்தான் தெரியும்.
ஒரு வெளிச்சம் வளைவில் திரும்பும், காணாமல் போகும்,
கொஞ்சம் கீழே மறுபடி முளைக்கும்.
எது லாரி, எது கடைசி பஸ், எது ஜீப் என்று
இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது.
மிருணாளினியும் இப்படித்தான் இறங்கி வருகிறாள்,
அவளுக்காக மாடியில் நிற்க
நான் யாரையும் எழுதியிருக்கவில்லை.

ஆத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் கார்டு போட்டிருந்தார்:
அந்தம்மாவுக்கு ஒரு பிள்ளை இருந்தால் என்ன?
பதிமூன்றாவது நாவலில் கொடுத்தேன்.
எட்டு வயது மகள். காய்ச்சலே வராதவள்.
பெற்றோர் கூட்டம் வைக்காத பள்ளிக்கூடம்.
கடைசி அத்தியாயத்தில் வழக்கை முடித்துவிட்டு
நள்ளிரவில் அம்மா வீடு திரும்புகிறாள்.
மகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முற்றும்.

தவமணி பிரதியைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள்,
இடது கையில் சிவப்புப் பேனா.
முப்பதாம் பக்கம்: இந்த மழையில் கல்லில் ரேகை நிற்காது.
நாற்பத்தொன்று: அந்த எஸ்டேட்டில் டவர் கிடையாது.
அறுபத்தாறு: செத்தவனின் பெண்டாட்டியை நின்றுகொண்டு கேட்கக் கூடாது,
பக்கத்தில் உட்கார வேண்டும்.

கடைசிப் பக்கத்தில்
'அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்' அடிபட்டிருந்தது.
ஓரத்தில், மகஜர் எழுதும் அதே நெருக்கமான கையெழுத்தில்:

தூங்கவில்லை.
தூங்குகிறவர்கள் இமையை இவ்வளவு இறுக்க மாட்டார்கள்.
உள்ளங்கால் சில்லென்றிருக்கிறது.
தலையணையில் சூடு இல்லை.
ஜன்னலிலிருந்து இப்போதுதான் ஓடிவந்து படுத்திருக்கிறாள்.
அம்மாவுக்குத் தெரியும். கேட்கவில்லை.

மாடியில் நான் எண்ணிய அத்தனை விளக்குகளையும்
கீழே இன்னொருத்தி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.
பன்னிரண்டு துப்பறியும் நாவல் எழுதியவன் நான்.

ஆறு வரி கூடிவிட்டது, பாரம் தாண்டுகிறது
என்கிறார் பதிப்பாளர்.
எண்பதாம் பக்கத்துத் துப்பாக்கிச் சண்டையை
எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.